நாற்காலிக்குப் பின்னால் இருந்த கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டு என் கொள்ளுத்தாத்தா உட்கார்ந்திருக்கிறார். கோட்டு, கோட்டின் மேல் வெள்ளிப் பதக்கம், முழங்கால்களின் மேல் விரித்து வைத்த இரண்டு கைகள். பின்னால் நிற்பவர் அவருடைய தம்பி. ஒல்லியான ஆள். சட்டை அவருடையதுதானா என்று சந்தேகம் வரும்படி தோளில் தொங்குகிறது. இடது கை பக்கவாட்டில் தெரிகிறது, வலது கை நாற்காலி முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

அந்தக் கையை வைத்து எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரு கேலி ஓடுகிறது. "வேலை செஞ்சு தேஞ்சிடப் போகுதுன்னு ஒளிச்சு வச்சிருக்காரு பாரு!" புதிதாக வீட்டுக்கு வரும் மருமகளுக்கும் மருமகனுக்கும் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். அவர்கள் சிரித்தால் குடும்பத்தில் சேர்த்தி. அந்தத் தம்பிக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், யாருக்கும் நினைவில்லை. "சும்மா தாத்தா" என்றால் எல்லோருக்கும் தெரியும். என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் சும்மா இருந்தார் என்று பதில். கல்யாணம் இல்லை, பிள்ளை குட்டி இல்லை, அண்ணன் வீட்டில் சாப்பாடு, அண்ணன் வீட்டில் படுக்கை.

அண்ணன் பேச்சே வேறு. அவர் பஞ்சாலையில் இருபத்தைந்து வருடம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலை பார்த்தவர். பதக்கம் அதற்குத்தான். அதோடு கடைத்தெருவில் துணிக்கடையும் நடத்தினார். இன்றைக்கு மூன்று மாடியாக நிற்கிற எங்கள் குடும்பக் கடைக்கு அதுதான் விதை. "காலையில மில்லு, மில்லு முடிஞ்சா கடை, அந்த மனுஷன் தூங்கவே மாட்டாராம்" என்று சித்தப்பா சொல்லும்போது எங்களுக்கெல்லாம் நெஞ்சு நிமிரும். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். கடைக்காரன் என்றால் பகலில் கடையில் இருக்க வேண்டுமே, பகலில்தானே மில்லும் ஓடியது என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்றதும் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கடையை நடத்துகிற சித்தப்பா அச்சுச் செலவை ஏற்றுக்கொண்டார். சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் கூட்டி வெளியிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையும் குறித்துவிட்டார். எழுதுகிறவள் நான். தேடி அலைகிறவன் என் தம்பி.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட எட்டு வயது சின்னவன். ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை ஒன்று வைத்திருந்தான். ஜனங்கள் பழுது பார்ப்பதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்க ஆரம்பித்ததும் மூடினான். அதற்குள் அம்மா படுக்கையில் விழுந்துவிட்டாள். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, கஞ்சி கரைத்துப் புகட்டி, கடைசி வரை பார்த்தது அவன்தான். நான் வேலைக்குப் போனேன். சம்பளம் என்னுடையது, அதனால் குடும்பத்தைத் தாங்கியவள் என்ற பெயரும் என்னுடையது. இப்போது என் வீட்டு மாடியறையில் இருக்கிறான். அவனுக்குச் "சின்னச் சும்மா" என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, நான்தான். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது.

பஞ்சாலை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் பழைய பதிவேடுகள் வாசல் பக்கத்து அலுவலகக் கட்டடத்திலேயே கிடக்கின்றன. கரப்பானுக்கும் கறையானுக்கும் பயந்து யாரோ எப்போதோ கொட்டிய மருந்துப்பொடி ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. தம்பி அங்கே போய்ப் போய் வந்தான். வரும்போதெல்லாம் தும்மல். விரல் நுனிகளில் தோல் உரிய ஆரம்பித்தது. "கையுறை போட்டுக்கிட்டா என்னடா?" என்று நான் கத்தினால், "தாள் ஒட்டிக்கிட்டு இருக்கு அக்கா, கையுறை போட்டா கிழிஞ்சிடும்" என்பான். பிறகு மேசையில் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்ததை எனக்கு நல்ல எழுத்தில் எடுத்து எழுதித் தருவான். நான் அதைப் பார்த்து என் நடையில் எழுதுவேன். என் நடை நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

புத்தகம் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, தம்பி சாப்பிடக்கூட உட்காராமல் என் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, கூடத்துப் படத்தைக் கழட்டட்டுமா?"

"எதுக்கு? நல்லாத்தானே மாட்டியிருக்கு."

"கொள்ளுத்தாத்தாவோட விரலை எண்ணணும்."

இவனுக்கு மருந்துப்பொடி மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். அவன் படத்தைக் கழற்றி மேசையில் வைத்துத் தூசி துடைத்தான். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தான். பழுது பார்த்த காலத்தில் வைத்திருந்தது. எண்ணினேன். பத்து விரல்.

"பத்து இருக்கு. இருக்காம எங்க போகும்?"

"மில்லு ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல எட்டுதான் அக்கா."

நிதானமாகச் சொன்னான். பஞ்சாலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட பித்தளை வில்லை உண்டு. காலையில் வாசலில் அதைக் கொடுத்தால் ஆள் வந்த கணக்கு. கொள்ளுத்தாத்தாவின் எண் இருநூற்றுப் பதினான்கு. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம் அந்த எண்ணுக்கு நெஞ்சுச் சளி, கடும் காய்ச்சல், படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மில் டாக்டர் எழுதியிருக்கிறார். அதே வாரம் அதே வில்லை ஒரு நாள் தவறாமல் வாசலில் விழுந்திருக்கிறது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, பஞ்சு அடிக்கும் இயந்திரத்தில் அந்த எண்ணுக்காரருக்கு விபத்து. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கி, எடுத்துவிட்டார்கள். மில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களை லீவாகக் கணக்கு வைக்கவில்லை. பதக்கம் கொடுத்ததும் படம் எடுத்ததும் அதற்கும் ரொம்பப் பிறகு.

"வாசல்ல இருக்கிறவன் முகத்தைப் பார்க்க மாட்டானாம் அக்கா, வில்லையைத்தான் பார்ப்பானாம். வரலைன்னா வேலை போயிடும். அதனால உடம்பு சரியில்லைன்னா வீட்டுல வேற யாராவது வில்லையை எடுத்துட்டு வந்து நிப்பாங்களாம். அப்ப அது சகஜமாம்."

நான் படத்தைப் பார்த்தேன். நாற்காலி முதுகுக்குப் பின்னால் போயிருந்த கையைப் பார்த்தேன். மூன்று தலைமுறையாக நாங்கள் பார்த்துச் சிரித்த கை.

"கொள்ளுத்தாத்தாவுக்கு உடம்பு தேறியிருக்கும்" என்றான் தம்பி. "தேறினதும் கடை போட்டிருக்காரு. திரும்ப மில்லுக்குப் போகலை. போனது இவரு. அந்தக் காய்ச்சல்லேர்ந்து கடைசி வரைக்கும் இவருதான்."

வெளியே சொல்ல முடியாது, சொன்னால் இருவருக்கும் சோறு போய்விடும். அதனால் ஊர்க் கணக்கில் தம்பிக்காரர் வேலை இல்லாதவர். வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அண்ணன் பிள்ளைகள் வீட்டு ரகசியம் என்று வாய் திறக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வளர்ந்து விவரம் தெரிவதற்குள் அவர் கிழவராகி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருந்த கிழவரைத்தான் அவர்கள் பார்த்தார்கள், சும்மா தாத்தா என்றார்கள்.

பதக்கம் வாங்க மட்டும் அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். மேனேஜருக்கு எண் தெரியும், முகம் தெரியாது. ஆனால் கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியுமே? அவர்களும் உட்கார்ந்து கைதட்டித்தானே இருப்பார்கள்? யாரை நினைத்துத் தட்டினார்கள்?

எனக்கு அப்போது வந்தது வெட்கம் என்று சொல்ல ஆசைதான். வந்தது எரிச்சல். அச்சுக்குப் போகிற நேரத்தில் இவன் ஏன் இதைக் கிளறினான் என்று எரிச்சல். கொள்ளுத்தாத்தாவைப் பற்றி 'ஓய்வறியா உழைப்பாளி' என்று தலைப்புக் கொடுத்து ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன். நானே படித்து நானே இரண்டு முறை கண் கலங்கிய அத்தியாயம் அது.

"ஒரே ஒரு வரி போடு அக்கா" என்றான். "பெரியவரைக் குறைச்சு எழுத வேணாம். தம்பியும் மில்லுல வேலை செஞ்சாருன்னு ஒரு வரி. அது போதும்."

"பார்க்கலாம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சுற்றுலா கேட்டால் இதே தொனியில்தான் சொல்வேன்.

சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பேரன், கடைசிப் பேரன். எழுபத்தாறு வயதிலும் கல்லாவை விட்டு எழாத ஆள். "பழைய மில்லுல ஒரு விபத்து விஷயம் கிடைச்சிருக்கு சித்தப்பா. சும்மா தாத்தா பத்தி" என்றுதான் ஆரம்பித்தேன்.

"ரெண்டு விரல்தானே போச்சு, உயிரா போச்சு? அதையெல்லாம் எதுக்கும்மா இப்ப?"

நான் விரல் என்று சொல்லவே இல்லை.

கடையில் யாரோ துணி கிழிக்கிற ஓசை போனில் கேட்டது.

"உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா?"

"சின்ன வயசுல அந்தக் கையாலதான் என்னைத் தூக்கிட்டுத் திரிவாரு. தெரியாம இருக்குமா?" குரல் தழைந்தது. உடனே கல்லாக் குரல் வந்துவிட்டது. "பாரும்மா. கடை வாசல்ல தாத்தா படத்தைப் பெருசா வச்சிருக்கோம், உழைப்பே உயர்வுன்னு எழுதி. பேரப் பிள்ளைங்க முன்னாடி அந்த மனுஷனை வேஷக்காரனா நிறுத்தப் போறியா? அந்தத் தம்பிக்காரருக்கும் வாரிசு இல்ல. யாரு வந்து கேட்கப் போறா?"

யார் வந்து கேட்கப் போகிறார்கள். எனக்குத் தேவைப்பட்ட சாக்கு அதுதான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அச்சகத்திலிருந்து வந்த கடைசிப் பிழைதிருத்தத்தில் இரண்டு காற்புள்ளிகளை மாற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். முன்னுரையில் சித்தப்பாவுக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி, அட்டைப்படம் வரைந்த பையனுக்கு நன்றி. தம்பி பெயர் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. நினைவே வரவில்லை, அதுதான் இன்னும் கேவலம்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தம்பி விடியலிலேயே போய் நாற்காலி போட்டு, மைக் சரிபார்த்து, புத்தகக் கட்டுகளைப் பிரித்து அடுக்கியிருந்தான். மேடையில் வெல்வெட்டுத் துணி விரித்து அதன் மேல் பதக்கம். பக்கத்தில் எங்கள் கூடத்துப் படம், பெரிதாக்கி.

சித்தப்பா மைக்கைப் பிடித்தார். பதக்கக் கதையைச் சொன்னார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு படத்தைக் காட்டி வழக்கமான கேலியையும் சொன்னார். தெரிந்துகொண்டே சொன்னார். "பின்னாடி நிக்கிறாரே, கை தேஞ்சிடும்னு பத்திரப்படுத்தி வச்சவரு. நம்ம வீட்டுல தலைமுறைக்கு ஒரு சும்மா உண்டு. இந்தத் தலைமுறைக்கு…" என்று நிறுத்தி, தண்ணீர்க் கேனோடு நின்ற என் தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தார். மண்டபம் சிரித்தது. அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். உதடு தானாக விரிந்துவிட்டது. பழக்கம்.

"நம்ம டீச்சர் சாதாரணமா எழுதிடலை. அந்தப் பாழடைஞ்ச மில்லுக்குள்ள போய், தூசியில உக்காந்து, ஒவ்வொரு பக்கமா புரட்டியிருக்கா. எத்தனை நாள்மா போனே?"

மைக்கை என் வாய்ப் பக்கம் நீட்டினார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது, நான்தான் போனேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு சொல் போதும். நான் போகலை சித்தப்பா, தம்பிதான் போனான். வாயைத் திறந்தேன்.

"ரொம்ப நாள் சித்தப்பா" என்றேன்.

கைதட்டல். கடைசி வரிசையைத் தாண்டி, கேனைக் கீழே வைத்துவிட்டு, தம்பியும் தட்டினான். தோல் உரிந்து பிளாஸ்திரி ஒட்டிய விரல் வலிக்காமல் இருக்க உள்ளங்கையால் மட்டும் தட்டினான். அவ்வளவு தூரத்தில் அது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெட்கம் பிடுங்கித் தின்றது என்பார்களே, சும்மா சொல்லவில்லை. காது மடல் வரை சுட்டது. பெரியவராவது காய்ச்சலில் ஆரம்பித்தார். எனக்கு என்ன காய்ச்சல்?

சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பப் படம். போட்டோக்காரர் எல்லோரையும் வரிசைப்படுத்தினார். புத்தகத்தோடு நான் நடு நாற்காலியில், சித்தப்பா பக்கத்தில், குழந்தைகள் தரையில். தம்பி எங்கேயோ நழுவப் பார்த்தான். போட்டோக்காரர் பிடித்து எனக்குப் பின்னால் நிறுத்தினார்.

"சார், அந்தக் கை படத்துல வேணாம், பிளாஸ்திரி அசிங்கமா தெரியுது. நாற்காலிக்குப் பின்னாடி வச்சிக்கங்க" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. படம் நன்றாக வர வேண்டும் என்பது அவர் தொழில். எனக்குப் பின்னால் துணி உரசுகிற சத்தம் கேட்டது. தம்பி மறுபேச்சில்லாமல் கையை இறக்குகிறான்.

"கையை முன்னாடி வை" என்றேன்.

வகுப்பறைக் குரலில் வந்துவிட்டது. தரையில் இருந்த குழந்தைகள் எல்லாம் பயந்துபோய்த் தங்கள் கைகளை முன்னால் நீட்டின. யாரோ சிரித்தார்கள்.

"என்னம்மா, எதுக்கு?" என்றார் சித்தப்பா.

"மில்லுக்கு நான் ஒரு நாள்கூடப் போகலை சித்தப்பா. போனது இந்தக் கை. தோல் உரிஞ்சது இதுக்குத்தான். மேடையில நான் சொன்னது பொய்."

எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே, மேடைப் படத்தைக் காட்டி மீதியையும் சொன்னேன். வில்லை, காய்ச்சல், விபத்து, இரண்டு விரல். கோர்வையாக வரவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்திய வாய் தடுமாறியது. "அந்தப் பதக்கம் பின்னாடி நிக்கிறவரோடது. அது எனக்குத் தெரிஞ்சும் புத்தகத்துல எழுதலை" என்று முடித்தேன்.

ஒரு மருமகள் கையிலிருந்த புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், எங்கே பிடிப்பது என்று தெரியாதவள் மாதிரி. சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. பெரிதாக்கிய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எடுப்பா படத்தை. சாப்பாடு ஆறுது" என்றார்.

தம்பி குனிந்து என் காதில், "ஏன் அக்கா, எல்லாரு முன்னாடியும்? எனக்கு வெக்கமா இருக்கு" என்றான். அவனுக்கு வெட்கமாம். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. என் தோள் மேல் வைத்தான். தயங்கித் தயங்கி, யாருடைய பொருளையோ தொடுவதுபோல் வைத்தான்.

படம் வந்துவிட்டது. கூடத்தில் பழைய படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். கொடுத்த புத்தகங்களைத் திரும்ப வாங்க முடியாது. ஒவ்வொரு வீடாகப் போய் அந்த ஒரு வரியைக் கையால் எழுதிக்கொண்டு வருகிறேன். சில வீடுகளில் காப்பி கொடுக்கிறார்கள், சில வீடுகளில் புத்தகம் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை என்கிறார்கள். சித்தப்பா தன் புத்தகத்தை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே அதில் ஒரு பெயர் எழுதியிருந்தது, அவர் கையெழுத்தில். சும்மா தாத்தாவின் பெயர். இத்தனை வருடம் அவருக்கு அது நினைவிருந்திருக்கிறது.

புதிய படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். என் தோளில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு கை இருக்கிறது. நான் மட்டும் என் மடியைப் பார்க்கிறேன். என்றைக்காவது ஒரு பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ அதைக் காட்டி, "பாட்டி உக்காந்துக்கிட்டே தூங்கிட்டாங்க பாரு" என்று சிரிப்பாள். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள்.

சிரிக்கட்டும். சிரித்துவிட்டு, ஏன் குனிந்திருக்கிறாள் என்று ஒருத்தியாவது கேட்கட்டும். நான் கேட்கவில்லை.